ஸ்டாப் மோஷன்: பழைய தொன்மா ஆவணப்படங்களின் வழியே ஒரு சொல் விளக்கம்

ஸ்டாப் மோஷன் என்பது, அசையாமல் நிற்கும் ஒரு பொருளைச் சிறிதே நகர்த்தி ஒரு படம், மறுபடியும் சிறிதே நகர்த்தி அடுத்த படம் என்று தனித்தனியாக எடுத்து, அவற்றை வினாடிக்கு 24 படங்கள் என்ற வேகத்தில் ஓட்டும்போது அப்பொருள் தானே அசைவதுபோலக் கண்ணுக்குத் தோன்றச் செய்யும் திரைப்பட முறை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அழிந்துபோன டைனோசர்களை (தமிழில் தொன்மாக்களை) நடக்கவும் சண்டையிடவும் வைத்துக் காட்ட விரும்பிய படக்காரர்கள் பெரிதும் நாடியது இம்முறையைத்தான். பல்லிகளின் முதுகில் துடுப்பு ஒட்டிப் பெரிதாகக் காட்டும் மலிவான வழியும் இருந்தது. அதைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

இச்சொல் திரைப்படத்துக்கு முன்பே ஆங்கிலத்தில் வழங்கிய சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும், ஓர் இழை அறுந்தவுடன் பொறியைத் தானாகவே நிறுத்திவிடும் அமைப்புக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். கோயம்புத்தூர் வட்டார ஆலைகளிலும் அச்சொல் அதே பொருளில் இன்றும் புழங்குகிறது. அங்கே மோஷன் என்பதற்கு அசைவு என்று பொருளில்லை, பொறியின் ஓர் உறுப்பமைப்பு என்றே பொருள். திரைப்படத்துக்கு வந்தபோது இதே சொல் முதலில் சுட்டியது ஓடிக்கொண்டிருக்கும் கேமராவை நிறுத்தும் தந்திரத்தை: படப்பிடிப்பை இடையில் நிறுத்தி, நடிகரை விலக்கி, மீண்டும் தொடங்கினால் திரையில் அவர் மாயமாக மறைந்துவிடுவார். பிரான்சின் ஜார்ஜ் மெலியேஸ் இந்தத் தந்திரத்தால் புகழ்பெற்றவர். அக்காலக் கேமராவின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டுப் படங்கள் பதிவாகும். ஒரு சுற்றுக்கு ஒரே படம் பதியுமாறு அமைத்துக்கொண்ட பிறகுதான், நிறுத்துவது என்பது ஒருமுறை செய்யும் வேடிக்கையாக இல்லாமல் ஒவ்வொரு படத்துக்கும் செய்யும் வேலையாக மாறியது. சொல் பழையதாகவே நிற்க, அதன் பொருள் இவ்வாறு நகர்ந்துவிட்டது.

இயற்கை ஆவணப்படத்துக்கும் இம்முறைக்கும் உள்ள உறவு டைனோசரிலிருந்து தொடங்கவில்லை, வண்டிலிருந்து தொடங்குகிறது. லித்துவேனியாவின் கவுனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச், கலைமான் கொம்புபோல் தாடை கிளைத்த வண்டுகள் ஒன்றோடொன்று பொருதுவதைப் படமெடுக்க விரும்பினார். அவை இரவில் நடமாடும் உயிரிகள். படப்பிடிப்பு விளக்கைப் போட்டவுடன் அசையாமல் கிடந்தன. ஆகவே அவர் இறந்த வண்டுகளின் கால்களைக் கம்பியாலும் மெழுகாலும் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் இடையே அவற்றை நகர்த்தி, அந்தப் போரை 1910-இல் உருவாக்கினார். கண்ணால் கண்ட நடத்தையையே பாவையைக் கொண்டு மறுபடி நடத்திக் காட்டிய படம் அது. டைனோசர் படங்களில் அந்தக் ‘கண்ணால் கண்ட’ பகுதி இல்லை என்பதுதான் பின்னால் வரும் சிக்கல்களுக்கெல்லாம் வேர்.

அமெரிக்காவின் வில்லிஸ் ஓ பிரையன் இத்துறையின் முன்னோடி. 1925-இல் வெளியான ‘தி லாஸ்ட் வேர்ல்டு’ கதைப்படத்துக்காக மார்செல் டெல்காடோ செய்துகொடுத்த பாவைகளில், உள்ளே உலோக மூட்டுகள் கொண்ட எலும்புச்சட்டம் இருந்தது. அதன்மேல் தசையும் தோலுமாக ரப்பர் போர்த்தியிருந்தார்கள். சிலவற்றின் உள்ளே காற்றுப்பையை வைத்து மூச்சு விடுவதையும் காட்டினார்கள். விலங்கின் தோற்றத்துக்கு ஓவியர் சார்லஸ் நைட் அருங்காட்சியகங்களுக்காகத் தீட்டிய ஓவியங்கள் வழிகாட்டின. 1922 ஜூன் மாதம் நியூயார்க்கில் மாயவித்தைக்காரர் சங்க விருந்தொன்றில், மூலக்கதையை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் இப்படத்தின் சோதனைக் காட்சிகளை எந்த விளக்கமும் சொல்லாமல் திரையிட்டார். ஊரையே ஏமாற்றும் தொழிலில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதைச் செய்தியாகவே வெளியிட்டது.

ஆவணப்படம் என்ற வகைக்குள் இம்முறை பெரிய அளவில் நுழைந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1956-இல் இர்வின் ஆலன் தயாரித்து இயக்கிய ‘தி அனிமல் வேர்ல்டு’. உயிரினங்களின் வரலாற்றைச் சொல்லும் அப்படத்தில் பத்து நிமிடத்துக்கும் சற்று மேற்பட்ட டைனோசர் பகுதியை, மூத்தவரான ஓ பிரையனின் மேற்பார்வையில், அவரையே ஆசானாகக் கொண்ட ரே ஹாரிஹவுசன் அசைத்துக் கொடுத்தார். அண்மைக் காட்சிகளுக்கு மட்டும் பொறியால் இயங்கும் பெரிய தலைகளைப் பயன்படுத்தினார்கள். வினாடிக்கு 24 என்று கணக்கிட்டால் பத்து நிமிடத்துக்கு 14,400 படங்கள் வேண்டும். ஒவ்வொரு நிலையையும் இரண்டு படங்களாகப் பதிவுசெய்து வேலையைப் பாதியாக்கினாலும், பாவையின் கால், கழுத்து, வால் ஆகியவற்றை 7,200 முறை தொட்டு நகர்த்த வேண்டும். எந்த உறுப்பு எவ்வளவு நகர்ந்தது என்பதை நினைவில் வைக்க, ஊசிமுனை கொண்ட ஓர் அளவுகோலைப் பாவையின் அருகே நிறுத்திவைத்து, நகர்த்திய பின் இடைவெளியைப் பார்த்துக்கொள்வார்கள். படமெடுக்கும் முன் அதை எடுத்துவிட மறந்தால் அதுவும் படத்தில் பதிந்துவிடும்.

அந்த 1956-ஆம் ஆண்டு விலங்குகள் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, உடலை நிமிர்த்தி, பல்லிபோல் மந்தமாக நடக்கின்றன. அது அசைத்தவரின் குறை அன்று, அக்கால அறிவியலின் கருத்து. 1969-இல் தொல்லுயிர் ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிக்கஸ் என்ற வேகமான வேட்டை விலங்கைப் பற்றி எழுதிய பிறகே, டைனோசர்கள் சுறுசுறுப்பானவை என்ற எண்ணம் வலுப்பெற்றது. என் கருத்தில், பழைய படங்களின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: அவை டைனோசரைப் பற்றிய ஆவணங்கள் அல்ல, டைனோசரைப் பற்றி அந்தந்தக் காலத்து அறிஞர்கள் எண்ணியதற்கு ஆவணங்கள்.

அப்படியானால் ஆவணப்படம் என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது. பெரியபுராணத்தில், சுந்தரரைத் தம் அடிமை என்று சொல்லி வழக்காட வந்த முதியவரிடம் அவையோர் மூன்று சான்றுகளில் ஒன்றைக் காட்டுமாறு கேட்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. வழிவழியான நடைமுறை, எழுதப்பட்ட ஓலை, நேரில் கண்டவர் சாட்சியம் என்பன இவை. டைனோசர் வழக்கில் நம்மிடம் இருப்பது பாறையில் பதிந்த எலும்பு என்னும் ஆவணம் மட்டுமே. அயலார் காட்சி இல்லை, இருக்கவும் முடியாது. அந்த இல்லாத மூன்றாம் சான்றைத்தான் ஸ்டாப் மோஷன் செய்துகாட்டுகிறது. ஆகையால் படம் முழுவதையும் ஆவணப்படம் என்று வழங்கலாம். டைனோசர் வரும் பகுதியை மட்டும் மீட்டுருவாக்கக் காட்சி என்று பிரித்துச் சொல்வதே நேர்மை.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் மாற்றி ‘நிறுத்த இயக்கம்’ என்றால், மது ஒழிப்பு இயக்கம்போல எதையோ நிறுத்தக் கோரும் போராட்டம் என்றே தமிழ்ச் செவிக்குப் படும். அனிமேஷனுக்கு அசைவூட்டம் என்ற சொல் நன்கு வேரூன்றிவிட்டது. நினைவூட்டு, வண்ணமூட்டு என்பவற்றில் வரும் ‘ஊட்டு’, இல்லாத ஒன்றைப் புறத்திலிருந்து சேர்ப்பதைக் குறிப்பதால், அசையாப் பொருளுக்கு அசைவைச் சேர்க்கும் இக்கலைக்கு அது மிகப் பொருந்துகிறது. அதன்முன் ‘இடைநிறுத்த’ என்ற அடையைச் சேர்த்து இடைநிறுத்த அசைவூட்டம் என்பதை நான் பரிந்துரைக்கிறேன். வெறும் நிறுத்தம் முடிவைக் குறிக்கும். இடைநிறுத்தம் என்றால் நிறுத்தியபின் தொடர்வதும் அடங்கும், ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையிலேயே வேலை நடக்கிறது என்பதும் அடங்கும்.

களிமண், பொத்தான், நாற்காலி, உயிருள்ள மனிதர் என எதைக்கொண்டும் இம்முறையைக் கையாளலாம் என்பதால் இது பொதுப்பெயர். டைனோசர் படங்களைப்போல மூட்டுள்ள உருவத்தைக் கொண்டு செய்யும்போது, அதன் உள்வகையாகப் பாவை அசைவூட்டம் என்று சொல்லலாம். பாவை என்பதற்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு.

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று

என்ற 1020-ஆம் குறளில், நாணம் இல்லாதவரின் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல மயக்குவதற்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. இயக்கம், பாவை, உயிர்மருட்டல் ஆகிய மூன்றும் ஒரே குறளில் வந்து நிற்பது, கலைச்சொல் தேடுவோருக்குக் கிடைத்த புதையல். எனினும் பொம்மலாட்டம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவது பிழை. பொம்மலாட்டத்தில் ஆட்டுபவரின் கையும் பாவையின் அசைவும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன; இங்கே கை விலகிய பிறகே படம் எடுக்கப்படுகிறது, படத்தில் பதிந்த எந்தக் கணத்திலும் பாவை அசையவே இல்லை.

இயற்கைப் படங்களில் மொட்டு மலர்வதை விரைவாகக் காட்டும் முறையையும் சிலர் இதனோடு குழப்புகிறார்கள். இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித் 1910-இலேயே அவ்வாறு பூக்களைப் படமாக்கினார். அங்கும் படங்கள் தனித்தனியாகவே எடுக்கப்படுகின்றன, ஆனால் மலர் தானே வளர்கிறது, யாரும் அதை நகர்த்துவதில்லை. அதைக் காலச்சுருக்கப் படப்பிடிப்பு என்பதே சரி.

டைனோசர் என்ற சொல், ஆங்கிலேய அறிவியலாளர் ரிச்சர்டு ஓவன் 1842-இல் அச்சிட்ட பெயரிலிருந்து வந்தது. அஞ்சத்தக்க பல்லி என்று பொருள்படும் கிரேக்க வேர்களால் அவர் அதை அமைத்தார். தமிழில் தொன்மா என்ற ஆக்கம் பல்லியைக் கைவிட்டு, ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்ற தொல்காப்பிய வழக்கிலுள்ள மா என்ற விலங்குப் பெயரை எடுத்துக்கொண்டது. டைனோசர்கள் பல்லிகள் அல்ல என்பதால் மூலத்தைவிடத் தமிழ்ச்சொல் பிழை குறைந்தது. யானையின் அழிந்துபோன உறவினமான மாமூத்தும் தொன்மையான மாதானே என்று கேட்டால் மறுக்க இயலாது. கலைச்சொல்லை வரையறை காக்கும் என்று விட வேண்டியதுதான்.

இம்முறையின் அடையாளமான குறை, அசைவில் தெரியும் ஒருவகைத் துடிப்பு. உண்மையில் ஓடும் விலங்கைப் படமெடுத்தால், கேமராவின் ஒளிமறைப்புத் திரை (ஷட்டர்) திறந்திருக்கும் சிறு நேரத்திலும் அது நகர்வதால் உருவம் சற்றே கலங்கிப் பதியும். நின்ற பாவையில் அக்கலக்கம் இல்லாததால் ஒவ்வொரு படமும் கூர்மையாக இருந்து, ஓட்டும்போது வெட்டி வெட்டி நகர்வதாகத் தோன்றும். திரை திறந்திருக்கும்போதே கணினி வழி இயங்கும் கம்பிகளால் பாவையை நகர்த்திக் கலக்கத்தை வரவழைக்கும் முறை 1981-இல் ‘டிராகன்ஸ்லேயர்’ படத்தில் கையாளப்பட்டு, கோ மோஷன் என்று பெயர்பெற்றது. அதற்கு ஓட்ட அசைவூட்டம் என்று சொல்லலாம். அதில் பங்காற்றிய ஃபில் டிப்பெட், 1985-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் தொகுத்து வழங்கிய ‘டைனோசர்!’ ஆவணப்படத்துக்கும் பாவைகளை அசைத்தார். அதன் காட்சித் தந்திரங்களுக்கு எம்மி விருது கிடைத்தது. 1999-இல் பிபிசி வெளியிட்ட ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ தொடரில் தொன்மாக்களின் நடமாட்டத்தைக் கணினியே வரைந்தது. அண்மைக் காட்சிகளுக்கு மட்டும் பொறியால் இயங்கும் உருவங்களைப் பயன்படுத்தினார்கள்.

சொல்லாட்சிக்குச் சில தொடர்கள்: ‘இப்படத்தின் தொன்மாக்கள் இடைநிறுத்த அசைவூட்டத்தில் அமைந்தவை.’ ‘ஹாரிஹவுசன் பாவை அசைவூட்டத்தில் தேர்ந்தவர்.’ ‘ஆவணப்படத்தின் மீட்டுருவாக்கக் காட்சிகளுக்கு நான்கு பாவைகள் செய்யப்பட்டன.’