பாவம் பார்த்து வெளியே விட்டுவிடாதீர்கள்

போன மாதம் வேளச்சேரியிலிருந்து ஒருவர் துணிப்பையில் இகுவானா என்ற பெரிய பல்லியைச் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவனான என்னிடம் வந்தார். மகன் ஆசைப்பட்டு வாங்கியபோது உள்ளங்கையில் உட்கார்ந்த பச்சைக் குட்டி. மேசையில் இறக்கியபோது வாலோடு நாலரை அடி. கீழ்த்தாடையை விரலால் அழுத்திப் பார்த்தேன். எலும்பு ரப்பர்போல வளைந்தது. வெயிலும் கால்சியமும் இல்லாமல் அறைக்குள்ளேயே வளர்பவற்றுக்கு வரும் நோய் இது.

மருந்து எழுதும்போது தயங்கிக் கேட்டார்: “பையன் படிக்க வெளியூர் போய்விட்டான், டாக்டர். இதைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் விட்டுவிடட்டுமா? பாவம், அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும்.”

என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் எல்லோருமே இரக்கப்பட்டுத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கவலை.

இகுவானா மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். ஃபுளோரிடாவில் தப்பியவையும் கைவிடப்பட்டவையும் பெருகி, கால்வாய்க் கரைகளை வளை தோண்டிச் சரிய வைக்கின்றன. அங்கே கடுங்குளிர் அடித்தால் அவை விறைத்து மரத்திலிருந்து பொத்தென்று விழும். நம் மார்கழிக் குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது.

பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா இருக்கிறது. போதைப்பொருள் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபார் 1980-களில் தன் பண்ணைக்குக் கொண்டுவந்த நீர்யானைகள் நான்கே நான்கு. 1993-இல் அவன் கொல்லப்பட்ட பிறகு, டன் கணக்கில் எடையுள்ள அவற்றைப் பிடித்துக் கொண்டுபோக யாராலும் முடியவில்லை. மக்தலேனா ஆற்றுப் பகுதியில் இன்று 150-க்கும் மேல். இரவெல்லாம் கரையில் மேய்ந்துவிட்டுத் தண்ணீரில் சாணமிடுவதால் நீரின் தன்மையே மாறுகிறது. 2022-இல் அரசு அவற்றை ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்து, அடுத்த ஆண்டு கருத்தடையைத் தொடங்கியது. மயக்க ஊசி போட்டு, அந்தத் தடித்த தோலைக் கிழித்து, ஒரு விலங்குக்கே ஒரு குழு பல மணி நேரம் போராட வேண்டும். அறுவை சிகிச்சை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெருகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம். குப்பையாலும் கட்டடங்களாலும் சுருங்கிப்போன அதன் தலையில் இன்னொரு சுமையை ஏற்ற வேண்டாம்.

வளர்க்க முடியாவிட்டால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கேளுங்கள். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி இகுவானா போன்ற விலங்குகளை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

அவர் அதைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோனார். மொட்டை மாடியில் கூண்டு, காலை வெயில், முருங்கைக்கீரை. நேற்று அழுத்திப் பார்த்தபோது தாடை கொஞ்சம் இறுகியிருந்தது.