ஹோல்ட்டர்: நடமாட்ட இதயப் பதிவு

இதய மருத்துவர் சீட்டில் '24 மணி நேர ஹோல்டர்' என்று எழுதிக் கொடுத்தால், வீட்டில் வரும் முதல் கேள்வி "ஹோல்டர்னா என்ன?" என்பதுதான். பல்பு மாட்டும் ஹோல்டரை எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் மாட்டிவிடும் சின்னப் பெட்டியையும் அதிலிருந்து மார்புக்குப் போகும் ஒயர்களையும் பார்த்தால், எதையோ பிடித்து வைக்கிற கருவி போலிருக்கிறது என்று நினைப்பது இயல்பு.

ஆனால் இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவுசெய்யும் அந்தக் கருவிக்கு வைத்திருப்பது ஒரு மனிதரின் பெயர். நார்மன் ஜெஃபரிஸ் ஹோல்ட்டர், 1914இல் பிறந்தவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ஹெலினா அவருடைய ஊர். மருத்துவர் அல்ல, இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகக் கடலலைகளை ஆராய்ந்தார். 1946இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோதும் அலைகளை அளக்கும் வேலையில் இருந்தார். அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பி, ஓர் ஆய்வகம் தொடங்கி, மனித உடலில் ஓடும் மின்னலைகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

அதுவரை இசிஜி, அதாவது இதயத்தின் மின்னலைப் பதிவு, எடுப்பது என்றால் நோயாளிதான் கருவியைத் தேடிப் போக வேண்டும். நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற விஞ்ஞானி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த முதல் கருவி சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். உப்புநீர் நிரம்பிய பாத்திரங்களில் கைகால்களை விட்டுக்கொண்டு நோயாளி அசையாமல் உட்கார்ந்திருப்பார். கருவி பிறகு சிறிதானாலும் அசையாமல் படுக்கச் சொல்வது மாறவில்லை. இன்றும் சாதாரண இசிஜி பதிவுசெய்வது சுமார் பத்து விநாடிதான். ஒரு நாளில் இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மாடிப்படி ஏறும்போதோ, சண்டை போடும்போதோ, நடுராத்திரியிலோ தாளம் தப்பினால் அந்தப் பத்து விநாடியில் எப்படிச் சிக்கும்?

ஹோல்ட்டரை உறுத்தியதும் இதுதான். மனிதன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதயம் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய விரும்பினார். 1947 வாக்கில் அவர் செய்த முதல் கருவி, இதயத்தின் மின்னலையை வானொலி வழியாக அனுப்பியது. அதன் எடை சுமார் 38 கிலோ! அதை முதுகில் கட்டிக்கொண்டு தானே உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துப் பார்த்தார். டிரான்சிஸ்டர் என்ற சின்ன மின்னணு உறுப்பு வந்தபின் கருவி கையடக்கமாகி, பதிவு காந்த நாடாவுக்கு மாறியது. மணிக்கணக்கில் பதிவானதைப் பல மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும் வழி செய்தார்கள். 1961இல் 'சயன்ஸ்' இதழில் ஹோல்ட்டரின் கட்டுரை வந்தது. கருவிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழில் 'ஹோல்டர்' என்று எழுதினால், ஒற்றை ட மெலிந்து ஒலித்து, பல்பு ஹோல்டராகவே காதில் விழும். ட வல்லினமாக ஒலிக்க இரட்டிக்க வேண்டும்: ஹோல்ட்டர். தமிழ்ச் சொல்லுக்குள் ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பின்தான் இப்படி இரண்டு ஒற்று சேர்ந்து வரும் என்பது உண்மை. ஆனால் ஆள்பெயருக்கு அந்த விலக்கைக் கொடுக்கலாம்.

மருத்துவ நூல்கள் இந்தச் சோதனையை 'ஆம்புலேட்டரி இசிஜி' என்கின்றன. நடப்பது என்று பொருள்தரும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். படையோடு கூடவே போன மருத்துவமனையை பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த பெயரிலிருந்து வந்த ஆம்புலன்ஸும் இதே குடும்பம்தான்.

இதற்குத் தமிழில் 'நடமாடும் இசிஜி' என்றால் சரியாக வராது. நடமாடும் நூலகம், நடமாடும் ரேஷன் கடை என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, தெருவுக்குள் வரும் வேன்தான் நினைவுக்கு வரும். இங்கே நடமாடுவது கருவி அல்ல, ஆள். 'தொடர் இதயப் பதிவு' தவறில்லை, ஆனால் ஐசியுவில் கட்டிலோடு இருப்பவருக்கும் தொடர்ந்துதான் பதிவாகிறது. அதனால் என் தேர்வு நடமாட்ட இதயப் பதிவு. கருவியைச் சொல்ல நடமாட்ட இதயப் பதிவி. இன்னொரு வசதியும் உண்டு. கையில் பட்டை கட்டி, பகலில் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அழுத்தம் பார்க்கும் சோதனையை இதே அச்சில் 'நடமாட்ட ரத்த அழுத்தப் பதிவு' என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பெயரை நான் வலியுறுத்தக் காரணம் மொழிப்பற்று மட்டுமல்ல. இசிஜி என்றாலே அசையக் கூடாது என்று பழகியவர்கள், ஹோல்ட்டர் மாட்டிய அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மாடி ஏறாமல் படுத்தே கிடக்கிறார்கள். அப்படிக் கிடந்தால் சோதனையின் நோக்கமே போச்சு. நடமாட்டம் என்ற சொல் பெயரிலேயே இருந்தால் பாதி அறிவுரை அதிலேயே அடங்கிவிடும்.

இப்போது கைக்கடிகாரமே இசிஜி எடுக்கிறது. 2018இல் ஆப்பிள் வாட்ச் அதற்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவற்றையெல்லாம் சேர்த்து அணிகருவி என்று சொல்வது அழகான வினைத்தொகை: அணிந்த, அணிகின்ற, அணியும் கருவி. ஆனால் அந்தக் கடிகாரத்தில் மறு கை விரலைக் குமிழில் வைத்தால் 30 விநாடி இசிஜிதான் கிடைக்கும், அதுவும் நாமே எடுக்க வேண்டும். தூக்கத்தில் இதயம் சில விநாடி நின்று துடித்தால், அதை அலையலையாகப் பிடிப்பது மார்பில் ஒட்டிய நடமாட்டப் பதிவிதான்.

அதை மாட்டப் போகும்போது முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டையோ ரவிக்கையோ போட்டுப் போவது நல்லது. பசை நிற்க வேண்டும் என்பதால் கழற்றும்வரை பொதுவாகக் குளிக்கக் கூடாது. கூடவே ஒரு குறிப்புத்தாள் தருவார்கள். அதைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். "10.20, மாடிப்படி ஏறினேன், கண் இருட்டியது" என்ற அளவுக்கு எழுதினால் போதும். மருத்துவர் அந்த 10.20க்கு நேரே உள்ள அலையைத்தான் முதலில் தேடுவார். அங்கே தாளம் சீராக இருந்தால், அந்த மயக்கத்துக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.