தசைநாரில் தசை எங்கே இருக்கிறது?

தம்பி மகன் கபடியில் முட்டியைத் திருகிக்கொண்டான். பரிசோதித்த இடத்தில் கொடுத்த தாளில் ‘முன் சிலுவைத் தசைநார் கிழிவு’ என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்த என் அம்மா, தசைதானே என்று ரெண்டு நாள் அவன் தொடைக்குத் தைலம் தேய்த்து நீவிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

தாளில் தசைநார் என்று எழுதியிருந்தது, முட்டிக்குள் இருக்கும் ஒரு லிகமெண்டை. லிகமெண்ட் என்பது, கட்டுதல் என்று பொருள்படும் ‘லிகாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. எலும்பை எலும்போடு கட்டுவது அது. தசையை எலும்போடு சேர்ப்பது டெண்டான், அதற்குத் தசைநாண் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் எதற்கு லிகமெண்டுக்குத் தசைநார்? அதில் தசையே கிடையாது. தசைநாணுக்கும் தசைநாருக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் படிப்பவர் என்ன செய்வார்? ‘தசைநார் சிதைவு’ என்று ஒரு நோயைச் சொல்கிறோமே, அங்கே அது தசையின் இழை. விளையாட்டுச் செய்திகளைப் பாருங்கள்: பின்தொடையில் பிடித்துக்கொண்டாலும் தசைநார், குதிகாலுக்கு மேல் அறுந்தாலும் தசைநார், முட்டிக்குள் அறுந்தாலும் தசைநார். பழகிவிட்டதே, மாற்றுவானேன் என்கிறார்கள். பழகியது எந்தப் பொருளில் என்று கேட்டால் பதில் வராது.

பேச்சில் இன்னும் மோசம், முட்டிக்குள் எது போனாலும் ‘ஜவ்வு’. சவ்வு என்றால் மெல்லிய தோல் போன்றது, சவ்வூடு பரவலில் வருகிற அதே சவ்வு. முட்டியில் கிழிவதோ ஒன்று எலும்புகளைக் கட்டும் கயிறு, அதாவது லிகமெண்ட், மற்றொன்று எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. மருத்துவர் கையால் சோதிப்பதே இந்த ரெண்டையும் பிரித்தறியத்தான். முட்டியை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுப்பார். கயிறு நன்றாக இருந்தால் சட்டென்று நிற்கும், அறுந்திருந்தால் நிற்காமல் நழுவிவரும். இதுதான் 1976-இல் வெளியான லாக்மன் சோதனை. மெத்தைக்கு வேறு முறை: முட்டியை முழுக்க மடக்கி, பாதத்தைத் திருகியபடி மெதுவாக நீட்டினால் மூட்டின் இடுக்கில் ‘டக்’ என்று தட்டுப்படும், வலிக்கும். இது லிவர்பூல் அறுவை மருத்துவர் மக்மரேயின் பெயரில் வழங்குகிறது. கை பிரித்தறிந்ததை ‘ஜவ்வு’ என்று ஒரே சொல்லில் மறுபடி கலந்துவிட்டால் சோதித்து என்ன பயன்?

அந்த மெத்தை, அதாவது மெனிஸ்கஸ், கிரேக்கத்தில் ‘குட்டி நிலா’. வடிவமும் பிறைதான், பொருளும் குருத்தெலும்புதான், ஆகவே பிறைக்குருத்து.

லிகமெண்டுக்குச் சிலர் ‘இணைப்புநார்’ என்கிறார்கள். தசைநாரை விடத் தேவலாம், ஆனால் இணைப்புத் திசு என்ற வகைக்குள் தசைநாணும் அடங்குமே, மறுபடி குழப்பம். என் வாக்கு கட்டுநாருக்குத்தான். வாழைநாரில் பூக்கட்டுகிற ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

பையனுக்கு மக்மரேயில் எதுவும் தட்டுப்படவில்லை, லாக்மனில்தான் கால் நழுவியது. கட்டுநார் அறுந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். “எலும்பைக் கட்டுற நாரா? அப்ப இந்தத் தைலம் எதுக்கு?” என்று பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.