நூறு வரை சொல்லும் குழந்தையிடம் ஐந்து புளியங்கொட்டை கேட்டுப் பாருங்கள்

எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள்: "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் சொல்லுவா மிஸ். ஏ பி சி டி முழுக்கத் தெரியும். அ ஆ இ ஈ எழுதுவா." அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அதே குழந்தையின் முன்னால் ஒரு தட்டில் புளியங்கொட்டையை வைத்து, "எனக்கு அஞ்சு மட்டும் எடுத்துக் குடும்மா" என்று கேட்டால், கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். (பக்கத்தில் இருந்து கேளுங்கள். இந்த வயதில் கொட்டை மூக்குக்குள் போய்விடும்.) மழலையர் வகுப்பு ஆசிரியராக நான் பெற்றோரிடம் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான்.

எண்களை வரிசையாகச் சொல்வது முதலில் வெறும் ஒப்பித்தல். எண்ணுவதற்கு இன்னும் சில விஷயங்கள் பிடிபட வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். தொட்டதையே திரும்பத் தொடக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் ராண்டி காலிஸ்டலும் 1978இல் இவற்றை எண்ணுதலின் விதிகளாக வகுத்துச் சொன்னார்கள். இவற்றில் கடைசி விதிதான் குழந்தைகளுக்கு மிகத் தாமதமாகப் பிடிபடும். நான்கு பொத்தானை ஒழுங்காகத் தொட்டு எண்ணி முடித்த குழந்தையிடம் "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "நாலு" என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், அது இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. "ஒன்று கொடு" என்பது முதலில் புரியும். பல மாதம் கழித்து "இரண்டு கொடு", அப்புறம் "மூன்று கொடு" புரியும். இப்படிப் படிப்படியாக நகர்ந்து, ஏறக்குறைய மூன்றரை, நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எல்லா எண்ணும் சேர்ந்து விளங்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் 101 முதல் 200 வரை மனப்பாடம் செய்ய வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது மிகச் சிறிய விஷயம். எண்ணி முடித்ததும் மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இட்லி." சாப்பாட்டு நேரத்தில், "நாலு பேர் உட்காரப் போறோம், நாலு தட்டு கொண்டா" என்று அனுப்புங்கள். ஒரு தட்டு குறைந்தால் நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். யாருக்குத் தட்டு இல்லை என்று குழந்தையே பார்த்துத் திரும்பப் போகட்டும்.

விளையாட்டும் உண்டு. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துக் குழந்தைகளோடு ஒரு ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். 1 முதல் 10 வரை ஒரே கோட்டில் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்துவதுதான் விளையாட்டு. 2 வாரத்தில் 4 தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம்தான். அதற்கே அந்தக் குழந்தைகளின் எண் அறிவு தெளிவாக வளர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணம் தீட்டிய கட்டங்களில் விளையாடியவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. நம் பரமபதம் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் 100 கட்டம் வளைந்து வளைந்து போவது சின்னக் குழந்தைக்கு அதிகம். தரையில் சாக்பீஸால் 10 கட்டம் போடுங்கள், போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 4இல் நிற்கும் காய் இரண்டு கட்டம் நகரும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது. கட்டத்தில் இருக்கும் எண்ணைத்தான் "அஞ்சு, ஆறு" என்று சொல்ல வேண்டும். பலன் இருப்பது அதில்தான்.

மொழி விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்ததும் பல வீடுகளில் பேச்சே சுருங்கிவிடுகிறது. "கம், சிட், ஈட், டோன்ட் டச்." நாள் முழுக்கக் கட்டளைதான். காரணம் கேட்பதும், நேற்று நடந்ததைச் சொல்வதும், சண்டை போட்டு நியாயம் பேசுவதும் நின்றுவிடுகின்றன. தயவுசெய்து உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். தமிழோ, தெலுங்கோ, உருதுவோ, சௌராஷ்டிரமோ, எதுவானாலும் சரி. அதில் நீளமாகப் பேசிப் பழகிய குழந்தைக்கு இரண்டாவது மொழியில் ஏறுவதற்குப் படி இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இந்த வயதில் வீட்டு மொழிக்கே முதலிடம் தருகிறது.

கதை சொல்லும்போது இடையில் நிறுத்துங்கள். பாட்டி வடை சுட்ட கதையில், "காக்கா ஏன் பாடணும்னு நினைச்சுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "நரி யாரு?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "ஏன்", "அப்புறம் என்ன ஆகும்" என்று கேட்டால்தான் குழந்தை வாக்கியம் கட்டும். புத்தகம் வாங்க வசதி இல்லையென்றால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும். வா-ழைப்-ப-ழம் என்று கைதட்டிப் பிரிப்பது, "ம-வில் தொடங்கும் சாமான் என்ன இருக்கு?" என்று சமையலறையில் தேடுவது, இதெல்லாம் வாசிப்புக்கான அடித்தளம். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் அவை சேரும் முறையும் பிடிபட்டால் பாதை திறந்துவிடும். சிக்கல் வருகிற இடங்கள் வேறு. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்றால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒலி கூட்டும் குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பு. "ண"வில் ஒரு சுழி குறைவதும் அப்படித்தான். அதற்காக அடிக்காதீர்கள், இருபது தடவை எழுதவும் சொல்லாதீர்கள்.

கை விஷயமும் இருக்கிறது. மூன்று, நான்கு வயதில் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலுக்கு முன்னால் பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும், கோலமாவில் விரலால் வரையட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. எல்.கே.ஜி. குழந்தைக்குப் பக்கம் பக்கமாக எழுதக் கொடுத்தால் பள்ளியில் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று. மூன்று வயது முடிந்தும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பேசுவதில் பாதிகூட வெளியாட்களுக்குப் புரியாத குழந்தை: இவர்களுக்கு "பையன்னா லேட்டாத்தான் பேசுவான்", "இவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். ஏற்கெனவே பேசிய சொற்கள் மறைந்துபோனால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும். அங்கே பெயர் பதிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம்.