இன்னிக்கு ஸ்கூல் இல்ல: வழக்கம் மாறும் நாட்களும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும்

காலை ஏழே முக்கால். சீருடை போட்டு, பையை மாட்டி, ஷூவின் பட்டையை இரண்டு முறை அழுத்திவிட்டு ஏழு வயதுப் பையன் வாசலில் நிற்கிறான். பள்ளிக்கு விடுமுறை விட்டு மூன்று நாள் ஆகிறது. "இன்னிக்கு ஸ்கூல் இல்ல கண்ணா" என்று அவன் அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல அவன் கதவுக்கு இன்னும் நெருங்கிப் போகிறான். பத்து நிமிடத்தில் அழுகை, கொஞ்ச நேரத்தில் கதவில் தலையை மோதுகிறான்.

மறுநாள் காலை அந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து இதை நேரில் பார்த்தேன். சிறப்பாசிரியராகப் பல வருடம் வேலை செய்தும் நான் சரியாகக் கவனிக்காத ஒன்று அன்றுதான் பிடிபட்டது. தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "இன்னிக்கு ஸ்கூல்" என்பது காதில் விழுந்ததுமே அவன் மனம் வேன் ஏறிவிடுகிறது. பின்னால் வரும் 'இல்ல' போய்ச் சேர்வதே இல்லை. அம்மா சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, அவன் காதில் 'ஸ்கூல், ஸ்கூல்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அன்று அவரிடம் ஒன்றைத்தான் மாற்றச் சொன்னேன். எது இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டு, எது இருக்கிறது என்று சொல்லுங்கள். "இன்னிக்கு வீடு. குளியல். சாப்பாடு. ஊஞ்சல்." கையில் நான்கு படம். சீருடையும் பையும் கண்ணில் படாமல் அலமாரிக்குள். முதல் நாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. நான்காவது நாள் அவன் வாசலுக்குப் போனான், நின்றான், திரும்பி வந்து ஊஞ்சல் படத்தைத் தொட்டான்.

ஆட்டிசம் என்கிற மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள இந்தக் குழந்தைகளை 'அடம்' என்ற ஒரே சொல்லால் அளந்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1943இல் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கானர் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பு முக்கியமாகப் பேசப்படுகிறது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின், மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் டி.எஸ்.எம்-5 கையேடும் இதை ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. வளர்ப்பில் வந்த குறையோ, செல்லம் கொடுத்துக் கெட்டதோ இல்லை இது. நம்மில் பலருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. மற்றவர் முகம், பேச்சின் தொனி, வீட்டின் பரபரப்பு எல்லாம் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் குறிப்புகளைப் படிப்பது கடினம். அவர்களுக்கு அடுத்ததைச் சொல்வது வரிசைதான். பல் தேய்த்தால் குளியல், குளித்தால் சாப்பாடு, ஷூ போட்டால் பள்ளி. வரிசை உடைந்தால் இருட்டில் படி இறங்குவது போலத்தான். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது.

அதனால் வழக்கம் கலைந்த நாட்களில் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இது: மணியை விடுங்கள், வரிசையைப் பிடியுங்கள். ஏழு மணிக் குளியல் ஒன்பதுக்குப் போனாலும் பரவாயில்லை. குளியலுக்குப் பிறகு சாப்பாடுதான் என்பது மாறாமல் இருக்கட்டும். காலையில் எழுவது, குளியல், சாப்பாடு, படுக்கை என்ற நான்கு ஆணிகள் உறுதியாக இருந்தால் நடுவில் வருவது கொஞ்சம் ஆடினாலும் பல குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள். இந்த நான்கிலும் படுக்கையைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தூக்கம் ஏற்கெனவே தொல்லை. அது கெட்டால் மறுநாள் எந்த உத்தியும் எடுபடாது.

அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் பட அட்டவணை என்றதும் பெரிய வேலை என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். உங்கள் வீட்டுக் குளியலறையை, சாப்பிடும் தட்டை, குழந்தையின் படுக்கையை கைபேசியில் படமெடுத்து அச்சிட்டால் போதும். வாங்கிய படங்களைவிடச் சொந்த வீட்டின் படம் பல குழந்தைகளுக்குச் சீக்கிரம் புரிகிறது. அட்டையில் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். வெல்க்ரோ பட்டை இருந்தால் வசதி. ஒரு வேலை முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து 'முடிந்தது' பெட்டியில் போட வேண்டும். பெற்றோர் எடுத்துப் போடக் கூடாது. படம் கையை விட்டுப் பெட்டிக்குள் விழும் அந்த நொடியில்தான் 'இது முடிந்தது' என்பது அவனுக்கு உறைக்கிறது. பரபரப்பான நாளில் முழு அட்டவணையே வேண்டாம். இரண்டே படம்: முதலில் இது, அப்புறம் அது. ஒரே நிபந்தனை, 'அப்புறம்' என்று காட்டியது நிச்சயம் நடக்க வேண்டும். ஒருமுறை ஏமாந்தால் அந்த அட்டையை அவன் மறுபடி நம்பப் பல நாள் ஆகும்.

'அப்புறம்' என்ற சொல்லைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும். "அப்புறம் போகலாம்", "கொஞ்ச நேரம் இரு", "பார்க்கலாம்" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். 'பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் 'முடியாது' என்பது நமக்குத் தெரியும். சொற்களை அப்படியே எடுத்துக்கொள்கிற குழந்தை எதையோ பார்க்கப் போவதாக நினைத்துக் காத்திருக்கும். என்னிடம் வரும் பதினோரு வயதுச் சிறுமி நன்றாகப் பேசுவாள். அம்மா வெளியூர் போன வாரத்தில் "அம்மா எப்போ வருவாங்க?" என்று அப்பாவிடம் ஒரே மாலையில் நாற்பது முறைக்கு மேல் கேட்டிருக்கிறாள். "சீக்கிரம் வந்துடுவாங்க" என்பதே பதில். கடைசியில் அவர் கத்திவிட்டார், பிறகு என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். அவள் கேட்டது தகவலை மட்டும் இல்லை. நிலம் இன்னும் காலடியில்தான் இருக்கிறதா என்று மிதித்து மிதித்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஒரு தாளில் "அம்மா வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார். இன்னும் மூன்று தூக்கம்" என்று எழுதி, மூன்று கட்டம் போட்டுக் குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டினோம். கேட்கும் ஒவ்வொரு முறையும் அப்பா பேசாமல் தாளைக் காட்டினார். தினமும் காலையில் அவளே ஒரு கட்டத்தை அடித்தாள். கேள்விகள் நிற்கவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தன. அப்பாவின் குரலும் தணிந்தது.

தேதியே தெரியாத நிலையும் வரும். உடல்நலக் குறைவு, திடீர் ஊரடங்கு, வீடு மாற்றம். அப்போது பொய்யாக ஒரு நாளைச் சொல்லிவிடாதீர்கள். "எப்போது என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்த அன்று இந்த இடத்தில் படம் ஒட்டுவேன்" என்று சொல்லி அட்டவணையில் வெற்றுக் கட்டம் ஒன்றைக் காட்டுங்கள். தெரியாதது என்பதற்கும் ஓர் இடம் இருந்தால் காத்திருப்பது கொஞ்சம் எளிது.

இவ்வளவு செய்தும் குழந்தை வெடிக்கும் நாள் வரும். அந்த நேரத்தில் அது அடமா, தாங்க முடியாமல் தன் கட்டுப்பாட்டையே இழந்துவிடும் மெல்ட்டவுனா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அடம்பிடிக்கும் குழந்தை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். மெல்ட்டவுனில் இருக்கும் குழந்தைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் நிறுத்த முடியாது. அப்போது பேச்சைக் குறையுங்கள். "ஏன்டா இப்படிப் பண்றே, அம்மாவைப் பாரு, மூச்சை இழுத்து விடு" என்று மூன்று பேர் சுற்றி நின்று பேசினால் தீயில் எண்ணெய்தான். ஒருவர் மட்டும் அருகில் இருங்கள். விளக்கை அணையுங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், தம்பி தங்கையை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். தலையை மோதினால் இடையில் தலையணையை வையுங்கள். அடிபடும் ஆபத்து இருந்தால் தவிர இறுக்கிப் பிடிக்காதீர்கள். அடங்கிய பிறகும் அறிவுரை வேண்டாம். தண்ணீர், போர்வை, அமைதி. அன்று மாலைக்கான பயிற்சிகள் அன்றைக்கு ரத்து.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே வரியைத் திரும்பச் சொல்வது எல்லாம் இந்த நாட்களில் கூடும். தன்னைத் தானே சமன்செய்துகொள்ள அவனுக்கு இருக்கும் வழி அது. காயம் ஏற்படாதவரை தடுக்க வேண்டாம். பழகிவிட்ட கழிப்பறைப் பழக்கமோ சில சொற்களோ கொஞ்ச நாள் பின்னுக்குப் போகவும் செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் 'வழக்கம் மாறியதால்தான்' என்று தள்ளிவிடாதீர்கள். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் எல்லாமே நடத்தையாகத்தான் வெளியே வரும். வலிப்பு நோயும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். திடீரென்று புதிதாகத் தன்னை அடித்துக்கொள்வது, வெறித்த பார்வை, போன திறன் திரும்பாமல் இருப்பது என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள், பிறகு என்னைப் போன்றவர்களிடம் வரலாம். மருந்து ஏதும் எடுத்துவருகிற குழந்தைக்கு அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், தூக்கத்துக்கென்று நீங்களாக எதையும் தொடங்கவும் வேண்டாம்.

கைபேசி பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. வீட்டில் நாள் முழுக்க ஒரு குழந்தையோடு இருக்கும் அம்மாவிடம் 'திரையே கூடாது' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதுவும் அட்டவணைக்குள் ஒரு படமாக இருக்கட்டும். அளவை நிமிடத்தில் வைக்காமல் எண்ணிக்கையில் வையுங்கள். மூன்று காணொளி என்றால் மூன்று. தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாதியில் பிடுங்கினால் வரும் சண்டை, ஒன்று முழுதாக முடிந்தபின் நிறுத்தினால் அவ்வளவு வருவதில்லை.

மாற்றத்தைத் தாங்கவும் பழக்கலாம். அதற்கான காலம் நெருக்கடியான நாள் அல்ல, நல்ல நாள். 'மாற்றம்' என்று ஓர் அட்டை செய்யுங்கள். ஒரு வண்ண வட்டம் போதும். முதல் சில வாரம் அந்த அட்டை வரும்போதெல்லாம் நல்லதே நடக்க வேண்டும். படம் வரைய வேண்டிய நேரத்தில் மாற்ற அட்டை, அதன் பின்னால் அவனுக்குப் பிடித்த தண்ணீர் விளையாட்டு. அப்புறம் நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத மாற்றங்கள்: வேறு நிறத் துண்டு, வேறு நாற்காலி. பிடிக்காத மாற்றம் கடைசியில்தான். பலர் நேரே அதிலிருந்து தொடங்கிவிட்டு, அட்டையைக் கண்டாலே குழந்தை ஓடுகிறது என்கிறார்கள்.

திரும்பப் பள்ளி போவதும் ஒரு மாற்றம்தான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திறப்பதற்குச் சில நாள் முன்பே சீருடையை வெளியே எடுங்கள். ஒருநாள் பையோடு பள்ளி வாசல்வரை போய்த் திரும்புங்கள். முடிந்தால் முதல் சில நாள் பாதி நேரம் மட்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் வீடு வந்ததும் "என்ன நடந்தது, யார் வந்தாங்க" என்று கேட்க வேண்டாம். பையை வைத்துவிட்டு, அவனுக்கு வழக்கமான மூலையில், வழக்கமான பொருளோடு கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.