பாட்டு ஓடுகிறது, சத்தம் எங்கே?

தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து மெஷின்கள் மேலூர், உசிலம்பட்டி பக்கம் வீடுகளில் இன்னும் பீரோ மேல் கிடக்கும். புது விண்டோஸைத் தாங்காத இந்த மாதிரிப் பழைய மெஷினில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் சில சமயம் ஒரு வம்பு வரும். வைஃபை பிடிக்கும், படம் ஓடும், பாட்டின் நேரக் கோடும் நகரும். காதில் மட்டும் ஒன்றும் விழாது.

"டிரைவர் போச்சு, திரும்ப இன்ஸ்டால் பண்ணு" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் வீண் வேலை. லினக்ஸில் சவுண்ட் டிரைவர், அதாவது சவுண்ட் கார்டை இயக்கும் மென்பொருள், கெர்னல் எனப்படும் அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பொதுவாகத் தனியாகத் தேடி இறக்க வேண்டியதே இல்லை.

முளைப்பாரித் திருவிழாவில் குழாய் திடீரென்று ஊமையானால் ரேடியோ செட்காரர் புது ஆம்ப்ளிஃபயர் வாங்க ஓடமாட்டார். மைக்கைத் தட்டுவார், ஆம்ப்பில் முள் ஆடுகிறதா என்று பார்ப்பார், வயரைப் பிடித்துக்கொண்டே குழாய் வரை போவார். சத்தம் எதுவரை வந்து நின்றது என்பதுதான் அவருடைய கேள்வி. கணினியிலும் அதையேதான் கேட்க வேண்டும்.

பிளேயர் பாட்டை எண்களாக விரிக்கிறது: நொடிக்கு 44,100 அல்லது 48,000 அளவுகள், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. இவற்றை வாங்கிக் கலப்பது பின்னணியில் ஓடும் பைப்வயர் என்ற சர்வர் மென்பொருள், உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 22.10 பதிப்பு முதல் இதுதான், அதற்கு முன் பல்ஸ்ஆடியோ. அதற்கும் கீழே, கெர்னலுக்குள், சவுண்ட் கார்டோடு பேசும் ஆல்சா. செக் நாட்டு புரோகிராமர் யாரோஸ்லாவ் கிசேலா 1998-இல் தன் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்காகத் தொடங்கிய வேலை அது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் லினக்ஸின் முதன்மை சவுண்ட் அமைப்பாகவே ஆகிவிட்டது.

இப்போது அந்த நேரக் கோட்டுக்கு வருவோம். பல பிளேயர்களில் அதை நகர்த்துவது சவுண்ட் கார்டின் சொந்தக் கடிகாரம். கார்டு தனக்கு வேண்டிய எண்களை மெமரியிலிருந்து தானே இழுத்துக்கொள்கிறது. இழுத்த அளவுக்குத்தான் பாட்டு முன்னேறும். ஆக, கோடு சீராக நகர்ந்தால் எண்கள் கார்டு வரை போகின்றன என்று நம்பலாம். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. கார்டே தென்படாவிட்டால் சர்வர் 'டம்மி அவுட்புட்' என்று ஒரு பொய்க் கருவியை உருவாக்கிவிடும். அது கணினியின் டைமரை வைத்து எண்களை விழுங்கிக்கொண்டே இருக்கும், கோடும் அழகாக நகரும். எனவே சவுண்ட் செட்டிங்கில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் கெர்னல் எழுதிவைக்கும் குறிப்பேடான கெர்னல் லாகைத் திறந்து பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் சவுண்ட் சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கும். அந்தக் கோப்பு உள்ள பேக்கேஜைப் போட்டால் தீர்ந்தது.

கார்டு இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்றால் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவியைத் திறக்க வேண்டும். அதில் வால்யூம் காட்டும் ஒரு கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் அது மியூட். 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும். டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ தனிக் கார்டாக முன்னால் உட்கார்ந்து, சத்தமெல்லாம் அங்கே போய்க்கொண்டிருப்பதும் சகஜம்.

இதையெல்லாம் தாண்டியும் ஊமையாக இருக்கும் மெஷின்தான் சுவாரசியமானது. இன்டெல் 2004-இல் வெளியிட்ட எச்டி ஆடியோ தரத்தின்படி, எண்ணை மின்னலையாக மாற்றும் கோடெக் சிப்புக்குப் பல கால்கள். எந்தக் காலில் ஸ்பீக்கரைப் பற்றவைப்பது, எதில் ஹெட்போன் ஜாக் என்பது மடிக்கணினி செய்யும் கம்பெனியின் இஷ்டம். ஒரே சிப் இரண்டு மாடல்களில் இரண்டு விதமாக இருக்கும். டிரைவருக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு காலுக்கும் 32 பிட் குறிப்பு ஒன்றை, கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் எழுதி வைக்கிறது: இது ஸ்பீக்கர், இது பச்சை நிற ஜாக், இதில் எதுவும் இல்லை என்று. அந்தக் குறிப்பு தப்பாக இருந்தால், ஒன்றுமே இணைக்காத காலுக்கு டிரைவர் விசுவாசமாகப் பாட்டு அனுப்பிக்கொண்டிருக்கும்! ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால் சந்தேகத்தை இந்தப் பக்கம் திருப்பலாம். சில மாடல்களில் ஸ்பீக்கரை ஓட்டும் குட்டி ஆம்ப்பையும் தனியாகத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும்.

இதற்காகவே கெர்னலுக்குள் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. இந்த அடையாள எண்ணுள்ள மெஷினா, இந்தக் காலை ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொள், அந்த ஆம்ப்பை எழுப்பு என்று வரிவரியாகப் போகும். அதில் பல வரிகள், சத்தம் வராமல் தவித்த யாரோ ஒருவர் எழுதிய புகாரிலிருந்து வந்தவை. உங்கள் மாடல் அதில் இல்லையென்றால் எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் என்ற கருவியை வைத்து நீங்களே கால்களை மாற்றிப் பார்க்கலாம். வால்யூமை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான கால் கிடைத்த அந்த நொடியில் பாட்டு முகத்தில் அறையும்.

அப்புறம் ஒன்று. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து நேராக லினக்ஸுக்குள் வரும்போது, கோடெக் சில சமயம் பழைய அமைப்பிலேயே நின்றுவிடும். அப்போது மேலே சொன்ன எதையும் தொடவேண்டாம். முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்து பாருங்கள்.