நாலு வயதுப் பிள்ளை ஊருக்கு என்ன செய்யும்?

முன்பள்ளியில் சமூக சேவை என்றால் கொழும்பில் பெரும்பாலும் ஒரு பேனர், ஒரு முதியோர் இல்லம், வியர்த்துக்கொண்டு பாட்டுப் படிக்கும் பிள்ளைகள், அன்றிரவே முகநூலில் படங்கள். பிள்ளைக்கு என்ன விளங்கியது என்று எவரும் கேட்பதில்லை. அந்த வயதில், தன் கையால் செய்து, கண்ணால் பார்த்து, வீட்டிலும் திரும்பச் செய்யக்கூடிய வேலைதான் மனதில் ஒட்டும்.

"ஆளுக்கொரு பால்மா பெட்டி கொண்டுவாருங்கள்" என்று அறிவித்தல் ஒட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும் நாட்கூலிக்குப் போகிறவரின் பிள்ளையும் ஒரே பாயில் இருக்கிறார்கள். நம் அம்மம்மாக்கள் செய்த பிடியரிசியே மேல். அரிசி களையும் நேரம் பிள்ளை தன் கையால் ஒரு பிடி எடுத்து டின்னில் போடட்டும். மாத முடிவில் எல்லாம் ஒரே அண்டாவில் விழும்போது யாருடையது எவ்வளவு என்று தெரியாது. அன்னதானத்துக்குப் பெற்றோர் இருவர் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். வாங்குகிறவர்களை மேடையேற்ற வேண்டாம்.

எங்கள் முன்பள்ளியில் நன்றாகப் பிடித்துக்கொண்டது நுளம்பு பெருகும் இடங்களை ஒழிக்கும் வேலை. 2017இல் நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு. மாவட்டங்களில் கொழும்பில்தான் அதிகம். ஆனாலும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் "ஐந்தாம் மாடியில் எங்கே நுளம்பு பெருகும்?" என்றுதான் கேட்பார்கள். கிழமைக்கு ஒருநாள் பிள்ளையும் பெரியவர் ஒருவருமாக வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் தேங்கும் இடங்களைத் தேடச் சொன்னோம். பூச்சாடித் தட்டு, மணிபிளாண்ட் போத்தல், பல்கனியில் கிடக்கும் யோகட் கோப்பை. "டீச்சர், எங்கட ஃபிரிட்ஜுக்குப் பின்னால தண்ணி இருக்கு, அதுக்குள்ள புழு நெளியுது" என்று ஒரு பிள்ளை ஓடி வந்தது. அங்கே ஒரு தட்டு இருப்பதே அந்த அம்மாவுக்கு அன்றுதான் தெரியும்.

முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் எடுக்கும். அதனால்தான் கிழமைக் கணக்கு. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் தீராது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இந்தத் தேய்ப்புக்குத்தான் வீடுகளில் சண்டையே.

கண்டுபிடிப்பதும் தேய்ப்பதும் பிள்ளைக்கு; தூக்குவது, கவிழ்ப்பது பெரியவருக்கு. சிரமதானம் என்று வடிகான் துப்புரவாக்கக் கூட்டிப்போக நான் சம்மதிக்கவே மாட்டேன். எலிக்காய்ச்சல் காத்திருக்கும் இடம் அது.

தென்மேற்கு மழை மே மாதக் கடைசியில் பிடிக்கும், அதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். தொடர்மாடிக் காவலாளிக்கும் ஒன்று கொடுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் கதவின் சாவி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.